விறகைப் பார்த்து அடுப்பு வாங்குங்கள்

மார்கழியில் ஒருநாள் விடிவதற்கு முன்னால் சென்னிமலைப் படியேறிப் பாருங்கள். மொத்தம் 1,320 படி. பாதியில் மூச்சு வாங்க நின்று திரும்பினால் ஊர் தெரியாது. ஊர்மேல் வெளுத்த படலம் ஒன்று விரித்துக் கிடக்கும். பனி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பனிக்கு அந்த வாசம் கிடையாது. வெந்நீர் அடுப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூட்டப்படும் நேரம் அது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. புகை அந்த மூடியைத் தாண்டாது. வெயில் ஏறிய பிறகுதான் கலையும்.

கீழே இறங்கி வந்து யாரைக் கேட்டாலும், "எங்க வீட்டுல கேஸ்தானுங்க" என்பார்கள். பொய்யில்லை. சமையலறையில் கேஸ்தான். பொடக்காலிக்குப் போனால் மூன்று கல்லும் ஒரு அண்டாவும் இருக்கும். காலையில் வெந்நீர், மாட்டுக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் போட்டுக் காய்ச்சுவது, தீபாவளிக்கு முறுக்கு, கறிச்சோறு ஆக்குகிற நாள், தறிவீடுகளில் பாவுக்குக் கஞ்சி என்று எல்லாம் அங்கேதான் நடக்கிறது. விறகு நம்மை விட்டுப் போகவில்லை, வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போயிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தப் பின்பக்க அடுப்புக்கானது. தினசரிச் சோறும் டீயும் கேஸிலோ கரண்ட் அடுப்பிலோ ஆகிறதென்றால் அப்படியே இருக்கட்டும். எவ்வளவு நல்ல விறகடுப்பும் அதற்கு ஈடாகாது. விறகடுப்பு வாங்கச் சொல்லும் நூலில் இப்படி எழுதுவது வியாபாரத்துக்கு ஆகாதுதான். இருந்தாலும் அதுதான் உண்மை.

புகை யாருக்குப் போகிறது?

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரத்தைப் புகைமூட்டம் அமுக்கிக்கொண்டது. நாம் மலைப்படியிலிருந்து பார்த்த அதே மூடிதான். அங்கே விறகுக்குப் பதில் நிலக்கரி. 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை போகும் என்கின்றன. அதிலிருந்து பிறந்ததுதான் 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதியில் புகைபோக்கி வழியாகப் புகை வரக் கூடாது, விறகு எரிப்பதானால் சோதனையில் தேறிய அடுப்பில்தான் எரிக்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. லண்டனில் வீடு வாங்கிக் குடியேறிய நம் பிள்ளைகள் பலர் அத்தகைய பகுதிகளில்தான் இருக்கிறார்கள். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்றும் விதி வந்துவிட்டது. அடுப்பில் தொடங்கிய சட்டம் 65 வருடம் கழித்து விறகுக்கு வந்து சேர்ந்தது. நாம் விறகிலிருந்தே தொடங்கலாம்.

நமக்கு அப்படிச் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 19ஆம் பிரிவு: மாநில அரசு ஒரு இடத்தைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கலாம், அங்கே அனுமதிக்கப்பட்ட எரிபொருள், அனுமதிக்கப்பட்ட எரிப்புச் சாதனம் தவிர மற்றதைத் தடை செய்யலாம். வீட்டு அடுப்பு வரை அந்தக் கை இன்னும் நீளவில்லை. கடை அடுப்பு வரை நீண்டுவிட்டது. டெல்லியில் காற்று கெடும் நாட்களில் ஓட்டல் தந்தூரி அடுப்புக்குக் கரியும் விறகும் கூடாது. மும்பையில் உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2025இல் மாநகராட்சி பேக்கரிகளை விறகிலிருந்து மாறச் சொல்லிக் கெடு வைத்தது. டீக்கடையோ மெஸ்ஸோ வைத்திருப்பவர்கள் இப்போதே நல்ல அடுப்புக்கு மாறிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சட்டம் போடாத கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றும் சென்னிமலையில் உண்டு. தறி இருக்கிற அறைதான் அது. இந்த ஊர்ப் போர்வையும் பெட்ஷீட்டும் வெளியூர் போய் விலை பெறுவது நிறத்தால். விறகுப் புகை வெறும் கரித்தூள் அல்ல. அதில் தாரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். வெள்ளைப் பாவில் படிந்தால் உதறினால் போகாது. தறிக்கு ஒட்டினாற்போல் வெந்நீர் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில், ஓட்டுக் கைமரத்தில் தொங்கும் கருத்த ஒட்டடையைப் பார்த்தாலே போதும். நூலுக்கு ஆகாதது அதே அறையில் எட்டு மணி நேரம் மிதிபலகை மிதிப்பவர் நெஞ்சுக்கு மட்டும் எப்படி ஆகும்?

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழகக் கிராம வீடுகளில் கருவி மாட்டி அளந்து 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. விறகில் சமைப்பவர் ஒருநாளில் சராசரியாகச் சுவாசித்த நுண்தூசி, கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமைக்காமல் அந்த வீட்டில் இருந்தவருக்கு 90. கேஸ் போன்ற தூய எரிபொருள் வீடுகளில் 82. முதல் எண்ணைப் பார்த்து எல்லோரும் பதறுவார்கள். எனக்கு உறுத்துவது கடைசி எண்தான். அடுப்பே புகையாத வீட்டில் 82 எங்கிருந்து வந்தது? தெருமண்ணும் வண்டிப்புகையும் ஒரு பங்கு. பக்கத்து வீட்டுப் பொடக்காலியும் ஒரு பங்கு. ஆகவே அடுப்பு வாங்கும்போது, "என் கண் எரியாமல் இருக்குமா?" என்பது பாதிக் கேள்விதான். கூரைக்கு மேலே போவது எவ்வளவு என்பது மீதி.

புகை என்பது எரியாத விறகு

விறகின் எடையில் முக்கால் பங்கு, சூடேறியதும் ஆவியாகக் கிளம்பிவிடும். நாம் தீ என்று பார்ப்பது அந்த ஆவி எரிவதைத்தான். ஆவி எரிவதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், காற்று வேண்டும், இரண்டும் கலந்து எரிய இடமும் கணநேரமும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆவி எரியாமல் வெளியேறும். அதுதான் புகை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகு, கண்முன்னே ஓட்டைத் தாண்டிப் போகிறது.

மூன்று கல் அடுப்பில் நடப்பது என்ன? நெருப்பு கிளம்பியதும் குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் மோதுகிறது, சூடு செத்துப்போகிறது. நாலா பக்கமும் திறந்திருப்பதால் தேவைக்கு மேல் குளிர்காற்று நுழைகிறது; மிச்சச் சூட்டையும் அது கொண்டுபோகிறது. கடையில் நீங்கள் பார்க்கிற நல்ல அடுப்பு எதுவானாலும் செய்வது ஒன்றே: நெருப்பைச் சூடான ஒரு குழலுக்குள் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, முழுதாக எரியவிட்டு, அப்புறம் பாத்திரத்தைத் தொடவிடுவது.

ஈர விறகு போட்டால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். விறகிலிருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 2.5 மெகாஜூலுக்கு மேல் சூடு செலவாகும். அதைவிட மோசம், அந்த நீராவி குழலைக் குளிரவைத்துவிடும். பத்தாயிரம் ரூபாய் அடுப்பில் பச்சை விறகை வைத்தால் மூன்று கல் அடுப்பாகத்தான் புகையும். என் அம்மாயி புது அடுப்பை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அடுப்பு நல்லாத்தான் இருக்குது கண்ணு, வெறகுதான் அழுவுது" என்றாள். முனையில் நுரை கட்டி நீர் வடிவதைத்தான் அழுகிறது என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

முதலில் விறகுப் போர்

ஆகவே அடுப்புக் கடைக்குப் போகும் முன், உங்கள் வீட்டுப் பின்புறம் எது கிடைக்கிறது என்று பாருங்கள். அதை வைத்துத்தான் அடுப்பு.

நம் பக்கம் எளிதாகக் கிடைப்பது வேலிக்காத்தான். ஊரையே வறட்சியாக்குகிறது என்று திட்டிக்கொண்டே எரிக்கிறோம். விறகாக அதற்குக் குறை சொல்ல முடியாது: கனமான மரம், சாம்பல் குறைவு, கங்கு நெடுநேரம் நிற்கும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களின் வெள்வேலும் அப்படியே, ஆனால் அது மாட்டுக்கு நிழலும் காயும் தரும் மரம்; கிளை கழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தென்னை மட்டை சட்டென்று பற்றி சட்டென்று தீரும். வெந்நீருக்குப் போதும், முறுக்குச் சுடப் போதாது. பருத்திமார் காய்ந்திருந்தால் நல்ல சுள்ளி. தேங்காய்த் தொட்டி தொடக்கத்தில் எண்ணெய்க் கரும்புகை கக்கும். தொட்டியை மட்டும் நிரப்பி எரிக்காமல், விறகு நன்றாகப் பிடித்தபிறகு ஒன்றிரண்டாகச் சேர்க்கலாம். முருங்கை விறகே அல்ல. வறட்டி புகையில் எல்லாவற்றையும் மிஞ்சும். சின்னக் குழல் அடுப்புக்கு அது ஒத்துவராது.

பற்றவைக்க வேஸ்ட் துணி போடும் பழக்கம் ஈரோட்டிலிருந்து திருப்பூர் வரை உண்டு. பருத்தித் துணியென்று நினைத்துப் போடுவதில் பாலியஸ்டர் கலந்திருக்கும், சாயம் இருக்கும். பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பலகை, பால் கவர் எல்லாம் அந்த வகைதான். எந்த அடுப்பும் அந்தப் புகையைச் சுத்தம் செய்யாது. இரண்டு சுள்ளியும் ஒரு காய்ந்த தென்னம்பாளையும் போதும்.

காயவைப்பதற்கு நம் ஊர் மாதிரி வசதி எங்கும் இல்லை. மழை குறைந்த பூமி, அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து போய்விடும். தை மாசியில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல்மேல் கம்பு போட்டு அடுக்கி வைத்தால் சித்திரை வைகாசி வெயிலும் ஆடிக்காற்றும் பார்த்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள். தார்ப்பாயால் நாலா பக்கமும் கட்டி மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உருட்டுக்கட்டையாக அடுக்கினால் பட்டைக்குள் ஈரம் ஒரு வருடம் போனாலும் இருக்கும். கைக்கட்டை விரலைவிடச் சற்றுத் தடிமனாகப் பிளந்ததுதான் வீட்டு அடுப்புக்குச் சரி.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி விற்கிறது, இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. இரண்டு துண்டைத் தட்டினால் காய்ந்தது கணீரென்று பேசும், பச்சை தொப்பென்று விழும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டில் அடையாளம் போட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்திப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

கடையில் இருப்பவை

குழல் அடுப்பைத்தான் முதலில் பாருங்கள். ராக்கெட் அடுப்பு என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். அமெரிக்காவின் அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் உருவாக்கிய வடிவம். எல் எழுத்துப்போல வளைந்த குழல். கீழ்வாயில் ஒரு தட்டு, தட்டின்மேல் விறகு, தட்டின்கீழ் காற்று. குழலைச் சுற்றி வெப்பம் கடத்தாத பொருள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. உள்குழலுக்கும் வெளித் தகரத்துக்கும் நடுவே வெறும் காற்று இருக்கும். அல்லது கனமாக இருந்தால் உறுதி என்று நினைப்பீர்களென்று மணலோ சிமென்ட்டோ போட்டிருப்பார்கள். கனமான சுவர் சூட்டைத் தான் குடித்து முடித்தபிறகுதான் பாத்திரத்துக்குத் தரும். நாள் முழுக்க எரியும் ஓட்டல் அடுப்புக்கு அது பரவாயில்லை; அரைமணி நேர வெந்நீருக்கு நட்டம். சாம்பல், உமிச்சாம்பல், வெர்மிகுலைட், செராமிக் கம்பளி போன்ற லேசான பொருள் இருக்க வேண்டும். பத்து நிமிடம் எரிந்தபிறகு வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் உங்கள் விறகு சுவரைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஃபேன் அடுப்பு. சின்ன மின்விசிறி உள்ளே காற்றை ஊதும், ஊதாங்குழலுக்கு வேலையில்லை. எரிவது பார்க்க கேஸ் மாதிரியே இருக்கும், புகையும் மிகக் குறைவு. நான் ஒன்று வாங்கினேன். இரண்டாவது ஐப்பசியில் விசிறி நின்றது. விற்ற கடையில் அந்த மாடல் நின்றுபோய்விட்டது என்றார்கள். இப்போது அதில் துளசி இருக்கிறது. எங்கள் ஊர் மின்கருவி மெக்கானிக்கிடம் கிடைக்கிற விசிறியே பொருந்துமா, பேட்டரி தனியாகக் கழற்ற வருமா என்று கேட்டு வாங்கியிருந்தால் துளசிக்கு வேறு தொட்டி தேடியிருப்பேன்.

பெல்லட் அடுப்பு என்று ஒன்று விற்பார்கள். அமுக்கிய பயிர்க்கழிவு உருண்டைகளில் எரிவது. ஊர்ஜா என்ற பெயரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் வந்த அடுப்பு தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் லட்சக்கணக்கில் விற்றது. அடுப்பில் குறையில்லை. பெல்லட் விலை ஏறியது, வீடுகள் கைவிட்டன, கடைசியில் அந்த வியாபாரம் ஓட்டல்கள் பக்கம் போய்விட்டது. அடுப்பை விற்றவரிடம் மட்டுமே அதற்கான எரிபொருள் கிடைக்கும் என்றால் நான் வாங்க மாட்டேன். தோட்டத்தில் கிடைப்பதை எரிக்கத் தெரிந்த அடுப்பே அடுப்பு.

மரத்தூள் அடுப்பு நமக்குப் பழக்கமானது. நடுவில் புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து, புட்டியை உருவினால் ஒரு ஓட்டை. கீழிருந்து பற்றவைத்தால் இரண்டு மணி நேரம் போகும். மர மில் பக்கத்தில் இருந்தால் மலிவு. அணைத்துப் போட முடியாது, அணையும்போது புகையும். திறந்தவெளிக்கு மட்டும்.

மண்ணாலோ சிமென்ட்டாலோ இடத்திலேயே கட்டி, கொடியடுப்பும் புகைபோக்கியும் வைத்த "புகையில்லா அடுப்பு" பலர் வீட்டில் பழைய நினைவாக இருக்கும். ஹைதராபாதில் எஸ்.பி. ராஜு 1953இலேயே இதற்கு வழிசொல்லிப் புத்தகம் போட்டார். 1983இல் மத்திய அரசு தேசியத் திட்டமாக எடுத்து, 2002இல் கைவிடும் வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளைப் பரப்பியது. பெரும்பாலானவை நிலைக்கவில்லை. கட்டிக்கொடுத்தவர் போய்விட்டார், புகைபோக்கி அடைத்தது, விறகு நுழையவில்லை என்று வீட்டுக்காரம்மா வாயைக் கடப்பாரையால் பெரிதாக்கினார். அவர்மேல் தப்பில்லை, வாய்க்கேற்ற விறகு யார் பிளந்துகொடுத்தார்கள்? இன்றும் கறிச்சோறு, பலகாரம் போன்ற பெரிய வேலைக்குக் கட்டுமான அடுப்பே வசதி. கட்டுகிறவர் உள்ளூர்க்காரராக, அடுத்த வருடமும் கூப்பிட்டால் வருகிறவராக இருக்க வேண்டும்.

வெந்நீருக்கென்றே விற்கும் பாய்லர், நடுவில் நெருப்புக்குழல் ஓடும் செம்பு அல்லது எஸ்.எஸ். தொட்டி, உண்மையில் நல்ல யோசனை. நெருப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர். அண்டாவில் அடிமட்டும்தான் சூடேறும். ஆனால் அதே காரணத்தால் குழல் குளிர்ந்து தார் படியும். மாதம் ஒருமுறை குழலுக்குள் கம்பி பிரஷ் விட்டுத் தேய்க்காவிட்டால் புகை முன்பக்கம் திரும்பும். நெருப்புப் பெட்டி தனியாகச் செங்கலிட்டு, அதற்கு மேல் தண்ணீர் தொடங்கும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

400 கிராம் சோதனை

இந்தியத் தர நிறுவனத்துக்கு விறகடுப்புக்கென்றே ஒரு தரம் உண்டு: ஐ.எஸ். 13152. அதன்படி விசிறியில்லாத அடுப்பு விறகுச் சூட்டில் குறைந்தது 25 சதவீதத்தைப் பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும். விசிறி அடுப்பு 35. பாத்திரத்தில் சேரும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் விசிறியில்லாதது 350 மில்லிகிராமுக்கு மேல் தூசி கக்கக் கூடாது, விசிறி அடுப்பு 150க்கு மேல் கூடாது. கடைக்காரரிடம் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். இந்தத் தரம் தூக்கிவைக்கும் இரும்பு அடுப்புகளுக்கானது. கட்டுமான அடுப்புக்குச் சான்றிதழ் கேட்டுப் பயனில்லை. சான்றிதழ், ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவில் அறுத்த காய்ந்த விறகில் வாங்கியது என்பதும் நினைவிருக்கட்டும்.

அதனால் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் உங்கள் வீட்டு விறகில் ஒரு கிலோவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. மூடி போட்டு 5 லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். கொதித்ததும் விறகை வெளியே இழுத்து, கங்கை உதறி, மீதியை நிறுங்கள். 25 சதவீத அடுப்பானால் செலவு 400 கிராமைச் சுற்றி இருக்கும். மூன்று கல் அடுப்பில் அதே தண்ணீருக்கு 800, 900 ஆகும். 500 தாண்டினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பற்றவைத்த முதல் ஐந்து நிமிடப் புகையை மன்னிக்கலாம். அதன்பின் கண்ணுக்குத் தெரிகிற புகை வரக் கூடாது. கடைசியாகப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்த லேசான கரி என்றால் சரி. பளபளவென்று ஒட்டும் கரி என்றால் உள்ளே சூடு போதவில்லை.

பாத்திரம் அடுப்பின்மேல் எப்படி உட்காருகிறது என்பதையும் குனிந்து பாருங்கள். அடிக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒரு விரற்கடைக்குள் இடைவெளி வேண்டும். அதிகமானால் நெருப்பு பக்கவாட்டில் ஓடும்; குறைந்தால் மூச்சுத் திணறிப் புகையும். 40 லிட்டர் அண்டாவைத் தாங்கும் என்று வாயால் சொன்னால் போதாது, தண்ணீரோடு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

உள்குழல் சாதா இரும்புத் தகடானால் இரண்டு வருடத்தில் ஓட்டை விழும். எஸ்.எஸ். அல்லது வார்ப்பிரும்பு கேளுங்கள். கோயமுத்தூரை வைத்துக்கொண்டு வார்ப்பிரும்புத் தட்டுக்கு வருத்தப்படத் தேவையில்லை. கழற்றி மாற்ற வருகிற தட்டாக இருந்தால் போதும், எந்தப் பட்டறையிலும் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

காசுக் கணக்கு கேட்பவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குள் சேர்க்கும் சூட்டைச் சேர்க்க, மூன்று கல் அடுப்புக்குக் காய்ந்த விறகு 200 கிலோவுக்கு மேல் வேண்டும். 25 சதவீத அடுப்புக்கு 100 கிலோ போலப் போதும். உங்கள் ஊர் விறகு விலையைப் பெருக்கிப் பாருங்கள். விறகை விலைக்கு வாங்குகிறவர்கள் பலருக்கு விடை கேஸ் பக்கம் சாயும். தோட்டத்து விறகு உள்ளவருக்குச் சாயாது.

இடமும் புகைபோக்கியும்

"சிம்னி வெச்சா வெறகு நெறையா இழுக்குமாமே, ஏனுங்க?" என்று கேட்பார்கள். இழுக்கும், குழாய் தேவைக்கு மேல் பெருத்திருந்தால். வீட்டு அடுப்புக்கு 4 அங்குலக் குழாய் போதும். நடுவில் திருப்பி மூடுகிற தகடு ஒன்று இருந்தால் நெருப்பு பிடித்தபின் இழுவையைக் குறைத்துக்கொள்ளலாம். குழாய் உச்சி கூரை முகட்டைவிட 2 அடியாவது உயர வேண்டும். ஓட்டுக்குள் குழாய் நுழையும் இடத்தில் ஓட்டைக் குடைந்து சிமென்ட் பூசாதீர்கள். ஓடு ஒன்றை எடுத்துவிட்டுத் தகரம் போட்டு, கைமரத்துக்கும் குழாய்க்கும் ஒரு சாண் விடுங்கள். கீற்றுக் கொட்டகையில் குழாயை மேலே விடவே வேண்டாம், பக்கச் சுவர் வழியாக வெளியே எடுங்கள். கீற்றைத் தாண்டி எட்ட நிற்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வீட்டில் கிடந்தாலும் அறுத்து உபயோகிக்காதீர்கள்.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு குணம். வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. குழாய் உச்சியில் தொப்பி இல்லாவிட்டால் ஆடியில் புகை வீட்டுக்குள் திரும்பும். இன்னொன்று: வழக்கப்படி கிழக்குப் பார்த்துச் சமைத்தால் அடுப்பின் வாய் மேற்கே பார்க்கும். உள்ளறையில் அதில் குற்றமில்லை. திறந்த பொடக்காலியில் ஆடிக்காற்று நேராக வாய்க்குள் நுழைந்து தீயைப் பின்பக்கம் விரட்டும், விறகும் இரண்டு மடங்கு போகும். சமைப்பவர் முதுகுப்பக்கம் தோளுயரச் சுவர் ஒன்று வைத்துவிட்டால் வழக்கமும் மாறாது, தீயும் அலையாது. தென்கிழக்கு அக்கினி மூலையில் அடுப்பு வைப்பதால் மேல்காற்றில் புகை நம் வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். அந்தச் சாஸ்திரம் நமக்கு உதவியது, கிழக்கு வீட்டுக்காரரைப் பற்றி அது யோசிக்கவில்லை. அவர் வீட்டில் தறி இருந்தால் நீங்கள் யோசியுங்கள்.

கரி அடுப்பைப் பற்றி ஒரே வார்த்தை. புகை வராது என்று நம்பிக் குளிருக்காக அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மலையூர்களில் அப்படித் தூங்கி எழாதவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

சாயப் பட்டறைக்காரர்களுக்கு

நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொட்டி கொதிக்க வேண்டியதில்லை. சாயத்தைப் பொறுத்து 60, 80 டிகிரி. இவ்வளவு சூட்டுக்குத் தொட்டிக்கு அடியில் பள்ளம் வெட்டிக் கட்டை கட்டையாகத் தள்ளுவது பழக்கமே தவிரத் தேவையில்லை. தனி நெருப்புப்பெட்டி, வார்ப்பிரும்புச் சட்டம், தொட்டியைச் சுற்றி ஓடிக் கடைசியில் உயரக் குழாய்க்குப் போகும் புகைவழி என்று கட்டினால் விறகு பாதியாகும். கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை ஆலை அடுப்பை ஒருநாள் போய்ப் பாருங்கள். கரும்புச் சக்கை மாதிரி லேசான எரிபொருளை வைத்தே அவ்வளவு பெரிய கொப்பரையைக் கொதிக்கவைக்கும் இழுவை எங்கிருந்து வருகிறதென்று தெரியும். மழை ஓய்ந்தபின் ஆலை ஓடும் நாளாகப் பார்த்துப் போங்கள், கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு.

வீட்டுக்காரர்களுக்கு மிச்சம் ஒரு சின்ன வேலை. அடுப்பு வந்திறங்கிய அன்றே வாயின் அகலமும் குழலின் ஆழமும் அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி விறகுப் போருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். விறகு பிளக்க வருகிறவர் அந்தக் குச்சியைப் பார்த்துப் பிளப்பார். எங்கள் வீட்டில் அம்மாயி அதில் மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தாள், யாரும் தவறி அடுப்பில் போட்டுவிடக் கூடாதென்று.